கிப் ரிவர் ரோட்டில் முதல் பயணம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் கிம்பர்லி, பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் அங்கே வாழ்கிற அத்தனை பேரையும் நம் ஊரில் ஒரு நடுத்தர நகராட்சிக்குள் அடக்கிவிடலாம். அந்த நிலத்தின் குறுக்கே, மேற்கில் டெர்பியில் தொடங்கி, கிழக்கே குனனுராவுக்கும் விண்டமுக்கும் இடையில் நெடுஞ்சாலையைத் தொடும் வரை ஏறக்குறைய 660 கி.மீ. நீளத்துக்குப் போகிறது கிப் ரிவர் ரோடு. பண்ணை மாடுகளை லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட சாலை அது. இரண்டு முனைகளிலும் கொஞ்ச தூரம் தார் இருக்கிறது. நடுவில் செம்மண், சரளைக்கல், ஆற்றுப் படுகை. பள்ளத்தாக்குகளும் அருவிகளும் சாலையை ஒட்டி இல்லை, கிளைப்பாதைகளில் உள்ளே போக வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தால் 1000 கி.மீ. தாண்டிவிடும், மிச்செல் அருவியையும் சேர்த்தால் அதற்கும் மேல். பத்து நாளுக்குக் குறைவாகத் திட்டமிட வேண்டாம். பதினான்கு நாள் கிடைத்தால் நல்லது. இந்தச் சாலையில் நடக்கிற பழுதுகளில் பெரும்பாலானவை அவசரத்தால் வருபவை. கீழே சொல்லியிருப்பதில் பாதி, வேகத்தைக் குறைப்பது எப்படி, ஏன் என்பது பற்றித்தான்.

எப்போது போவது

இங்கே பருவம் இரண்டுதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். ஆறுகள் கரைபுரண்டு, சாலை மூடப்பட்டிருக்கும். மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். சாலை பெரும்பாலும் மே மாதத்தில் திறக்கும், ஆனால் தேதி அந்த வருஷத்து மழையைப் பொறுத்தது. கிளைப்பாதைகள் அதற்கும் பிந்தித் திறக்கும். மாநிலச் சாலைத் துறையின் வரைபடத்தில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அன்றாடம் போடுகிறார்கள். 138 138 என்ற எண்ணிலும் கேட்கலாம். மூடிய சாலையில் வண்டி ஓட்டினால் கடும் அபராதம் உண்டு. ஈரமான செம்மண் சாலையில் ஒரு வண்டி பதிக்கிற பள்ளம், காய்ந்ததும் கல்லாக இறுகி அந்த சீசன் முழுக்க அப்படியே நிற்கும்.

மே கடைசியிலிருந்து ஜூன் வரை அருவிகளில் தண்ணீர் நிறைய இருக்கும், ஆறுகளில் ஆழமும் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் ஆறுகள் எளிது, ஆனால் கூட்டம் அதிகம், அத்தனை வண்டிகள் ஓடிச் சாலையும் கெட்டிருக்கும். செப்டம்பர் பாதிக்கு மேல் வெயில் 40 டிகிரியை நெருங்கும், பல அருவிகள் நூலாகிவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை பொருத்தமான காலம். பகலில் சுகமான வெயில். உள்நாட்டில் இரவு 10 டிகிரிக்குக் கீழே போவதும் உண்டு, ஒரு கம்பளி கட்டாயம் வேண்டும்.

டெர்பியில் தொடங்கி கிழக்கே போவதா, குனனுராவில் தொடங்கி மேற்கே போவதா என்று எல்லோரும் கேட்பார்கள். டெர்பியில் தொடங்குங்கள். பிற்பகலில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கண்ணைக் குத்தாது. பயணத்தின் கடைசியில் பென்டகோஸ்ட் ஆற்றங்கரைக்கு வரும்போது, எதிரே காக்பர்ன் மலைத்தொடர் மாலை வெயிலில் செங்கல் நிறத்திலிருந்து ஊதாவுக்கு மாறுவதை நேராகப் பார்க்கலாம்.

வண்டி

அடிப்பாகம் உயர்ந்த, லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்ட உதவுவது) உள்ள ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். பேருக்கு 'ஆல் வீல் டிரைவ்' என்று வருகிற நகரத்துக் கார் போதாது. அதன் டயரின் பக்கச்சுவர் மெல்லியது, அடிப்பாகம் தாழ்ந்தது. வாடகை வண்டி என்றால் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: கிப் ரிவர் ரோடு பெயர் சொல்லி அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, அதிலிருந்து வடக்கே பிரியும் கலும்புரு சாலையும் மிச்செல் அருவிக்குப் போகும் பாதையும் அதில் அடங்குமா, டயருக்கும் அடிப்பாகத்துக்கும் காப்பீடு உண்டா, தண்ணீரால் வரும் சேதத்தை யார் ஏற்பது. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'நீங்கள்தான்' என்பதே பதில். ஆறு கடப்பதைப் பற்றிக் கீழே சொல்வதை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இரண்டு ஸ்டெப்னி கொண்டுபோவது இங்கே வீண் அல்ல. இரண்டாவது கிடைக்காவிட்டால் பஞ்சர் கிட், 12 வோல்ட் கம்ப்ரஸர், நல்ல காற்றளவி மூன்றும் கட்டாயம் வேண்டும். புறப்படுமுன் புரூமிலோ டெர்பியிலோ சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒரு சக்கரத்தை முழுசாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஸ்டெப்னியை இறக்கும் கம்பி எங்கே இருக்கிறது, ஜாக் எந்த இடத்தில் முட்டுக்கொடுக்க வேண்டும், பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவி எங்கே, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதெல்லாம் அந்த அரை மணியில் தெரிந்துவிடும். சாலையில் இதற்கெல்லாம் உதவ ஆள் கிடைக்க ஒரு மணி நேரமும் ஆகலாம்.

டயரும் காற்றும்

தார்ச்சாலையில் பாரம் ஏற்றிய வண்டிக்கு 38 பி.எஸ்.ஐ. அளவில் காற்று வைத்திருப்போம். அதே காற்றோடு சரளையில் ஓடினால் டயர் கல்போல் விறைத்து நிற்கும். கூரான கல் ஒவ்வொன்றும் உளிபோல் குத்தும், மேடுபள்ளத்தின் அதிர்வு முழுவதும் ஸ்பிரிங்குக்கும் உங்கள் முதுகுக்கும் போகும். தார் முடிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, நான்கு டயரிலும் 28-லிருந்து 30 வரை இறக்குங்கள். கல் நிறைந்த கிளைப்பாதையில் 24-26 வரை போகலாம், ஆனால் அங்கே வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. மணலில் சிக்கினால் 18-20. காற்றைக் குறைத்ததும் டயர் கொஞ்சம் பரந்து, கல்லின் மேல் துணிபோல் படிந்து போகும்.

காற்றைக் குறைத்துவிட்டு வேகத்தைக் குறைக்காதவர்கள்தான் அதிகம் டயர் இழக்கிறார்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், அதனால் சூடேறும். சூடேறிய ரப்பர் பிளந்துவிடும். இதைக் கண்காணிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. காலையில் வண்டி எடுக்குமுன் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். 4 பி.எஸ்.ஐ. ஏறியிருந்தால் சரியாக இருக்கிறது. 6-க்கு மேல் ஏறியிருந்தால் காற்று போதவில்லை, அல்லது வேகமோ பாரமோ அதிகம். அப்போது சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். வேகத்தைக் குறையுங்கள், அடுத்த நாள் காலை 2 பி.எஸ்.ஐ. கூட்டி வையுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நான்கு டயரின் பக்கச்சுவரையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றையும்விடச் சூடாக இருந்தால் அதில் மெதுவாகக் காற்று இறங்குகிறது என்று அர்த்தம்.

டயரின் ஓட்டுப்பகுதியில் ஆணியோ கல்லோ குத்தியிருந்தால் நீங்களே அடைக்கலாம். குத்தியதை உடனே பிடுங்காதீர்கள். முதலில் ஊசியில் ரப்பர் திரியைக் கோத்துப் பசை தடவித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிடுங்கி, அரத்தை நாலைந்து முறை ஏற்றி இறக்கி ஓட்டையைச் சொரசொரப்பாக்குங்கள். திரியின் இரு முனையும் ஒரு விரற்கடை வெளியே நிற்கும்வரை குத்தி, ஊசியை வெடுக்கென்று இழுங்கள். மிச்சத்தை நறுக்கி, காற்றடித்து, மேலே எச்சில் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் இந்த வேலை நிற்காது, ஸ்டெப்னிதான் மாட்ட வேண்டும். தரை இளகலாக இருக்குமென்பதால் ஜாக்குக்கு அடியில் கனமான பலகை வையுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஏறாமல் ஜாக் மண்ணுக்குள் இறங்கும். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். மாட்டிய பின் 50 கி.மீ. ஓடி, நின்று, மறுபடி முறுக்க வேண்டும்.

வரிவரியான சாலை

சிமென்ட் ஷீட்டைச் சாலை முழுக்கப் பரப்பியது போல ஒரே சீரான மேடுபள்ளம் பல கிலோமீட்டருக்கு வரும். அங்கே அதைக் 'கோரகேஷன்' என்கிறார்கள். சின்ன மேட்டில் துள்ளிய சக்கரம் கீழே விழும்போது மண்ணை அமுக்கி ஒரு பள்ளம் பண்ணும். அடுத்த வண்டி அதே இடத்தில் துள்ளி, அதே இடத்தில் விழும். ஆயிரம் வண்டி போனபின் அலை அலையாகிவிடும். 20 கி.மீ. வேகத்தில் போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறிப் பல் கிட்டிக்கும். 60-லிருந்து 75-க்குள் எங்கோ ஒரு வேகத்தில் அதிர்வு சட்டென்று அடங்கும், சக்கரம் மேட்டின் தலைகளை மட்டும் தொட்டுப் போகும். நிம்மதியாக இருக்கும், ஆபத்தும் அங்கேதான். டயர் தரையில் பாதி நேரம்தான் பதிகிறது, பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும், வளைவில் பின்பக்கம் தனியாகப் போகும். ஆகவே வளைவுக்கும் ஓடைப்பள்ளத்துக்கும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். 80-க்கு மேல் எந்த நிலையிலும் வேண்டாம்.

இந்த அதிர்வு வண்டிக்குள் என்ன செய்யும் என்பதை நேரில் பார்க்காமல் நம்ப முடியாது. பெட்டியில் பக்கம் பக்கமாக அடுக்கிய குளிர்பானக் கேன்கள் ஒன்றோடொன்று உரசி உரசி, இரண்டாம் நாள் ஓட்டை விழுந்து ஒழுகியிருக்கும். டின்னின் மேல் ஒட்டிய காகிதம் மாவாகியிருக்கும். ஒவ்வொன்றையும் துணி சுற்றி, நெருக்கி, அசையாமல் வையுங்கள். தினமும் மாலையில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி பேட்டரி கவ்வி, கூரைக் கம்பி போல்ட்டுகள், ஷாக் அப்ஸார்பர் நட்டு, பின்கதவுச் சக்கரத் தாங்கி நான்கையும் கையால் அசைத்துப் பாருங்கள். தளர்ந்தது ஒன்றாவது கிடைக்கும்.

எதிரே மாட்டு லாரி வந்தால், இரண்டு மூன்று டிரெய்லர் கோத்து 50 மீட்டர் நீளத்துக்கும் வரலாம், ஓரமாக ஒதுங்கி முழுசாக நின்றுவிடுங்கள். புழுதி அடங்கி எதிரே சாலை தெரிந்த பிறகுதான் நகர வேண்டும். அந்தப் புழுதிக்குள் இன்னொரு வண்டி வந்துகொண்டிருக்கலாம்.

டீசல், தண்ணீர், சாப்பாடு

டெர்பியிலிருந்து 306 கி.மீ. தூரத்தில் மவுண்ட் பார்னெட் ரோடுஹவுஸ். சாலையின் நடுப்பகுதியில் எரிபொருளுக்கு அதை நம்பித்தான் திட்டமிட வேண்டும். அங்கிருந்து குனனுரா இன்னும் ஏறக்குறைய 400 கி.மீ. பாரம் ஏற்றிய வண்டி இந்தச் சாலையில் 100 கி.மீ.க்கு 14-16 லிட்டர் குடிக்கும். கிளைப்பாதைகளையும் கூட்டி, கணக்குக்கு மேல் கால்வாசி சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்செல் அருவிக்குப் போகிறவர்கள் கலும்புரு சாலையில் 59 கி.மீ. வடக்கே இருக்கும் ட்ரைஸ்டேல் ரிவர் ஸ்டேஷன் என்ற மாட்டுப் பண்ணையில் கட்டாயம் நிரப்ப வேண்டும். அங்கிருந்து அருவிக்குப் போய்த் திரும்ப 370 கி.மீ. ஆகும், நடுவில் ஒரு சொட்டும் கிடைக்காது. எல்லா இடத்திலும் திறந்திருக்கும் நேரத்தைப் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். மாலையில் சீக்கிரமே பூட்டிவிடுவார்கள்.

தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர். அதில் பாதி குடிக்க. மூன்று நாளுக்கான தண்ணீர் எப்போதும் வண்டியில் மிச்சம் இருக்க வேண்டும். ஒரே பெரிய தொட்டியில் வைக்காமல் மூன்று நான்கு கேன்களில் பிரித்து வையுங்கள். ஒன்று விரிசல் விட்டாலும் மற்றவை காப்பாற்றும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் நடக்கும்போது மணிக்கு ஒரு லிட்டராவது குடியுங்கள். உப்பும் சேர வேண்டும். எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த நம் வீட்டுக் கரைசலே போதும்.

ஆனால் எலுமிச்சையை அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வேறு மாநிலத்திலிருந்து பழம், காய்கறி, தேன், செடி, விதை கொண்டுவரக் கடுமையான தடை உண்டு. குனனுரா எல்லைச் சாவடியில் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். கறிவேப்பிலைக் கொத்தை ஒளித்து வைத்துக்கொண்டு வரிசையில் நிற்காதீர்கள், முன்பே போட்டுவிடுங்கள். உலர்ந்த பருப்பு, அரிசி, மசாலாப் பொடி, சின்ன குக்கர் இருந்தால் இரண்டு வாரம் தாராளமாக ஓட்டலாம். குக்கர் கேஸையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்கும்.

சூரியன் சீக்கிரம் மறையும்

மேற்கு ஆஸ்திரேலியா முழுவதும் ஒரே கடிகாரம், பெர்த் நேரம். கிம்பர்லி அதற்கு வெகு கிழக்கே இருப்பதால் குனனுராவில் ஜூலை மாதம் மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும், விடிவது ஆறு மணிக்கு முன்னால். பக்கத்து நார்தர்ன் டெரிட்டரியிலிருந்து வருகிறவர்கள் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னே தள்ள வேண்டும். மறந்தால் ரோடுஹவுஸ் மூடும் நேரம், படகு நேரம் எல்லாம் குழம்பும்.

நாலரை மணிக்குக் கூடாரம் அடித்து முடித்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைகளுக்கு வேலி குறைவு. அந்தி நேரத்தில் மாடு சாலை நடுவே படுத்துக்கொள்ளும், வாலபி எனப்படும் சின்னக் கங்காரு விளக்கொளியைப் பார்த்து வண்டியை நோக்கியே குதிக்கும். இரவில் ஓட்டுவதைப் பல வாடகை ஒப்பந்தங்கள் தடை செய்வதும் இதனால்தான்.

ஆறு கடப்பது

ஜூலைக்குள் பெரும்பாலான ஓடைகள் கணுக்கால் அளவுக்கு வந்துவிடும். ஆனாலும் ஒவ்வொன்றிலும் நின்று பாருங்கள். தெளிந்த, ஆழமற்ற, முதலை இல்லையென்று உறுதியான ஓடை என்றால் செருப்போடு நடந்து கடந்து பாருங்கள். குழி எங்கே, பெருங்கல் எங்கே, அடித்தளம் கல்லா சேறா என்று கால் சொல்லும். நடக்கவே தடுமாறுகிற வேகத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியையும் இறக்க வேண்டாம், காத்திருங்கள். முதலை இருக்கக்கூடிய ஆற்றில் ஒருபோதும் இறங்கி நடக்கக் கூடாது. ஆழம் காட்டும் கம்பத்தைப் பாருங்கள், அல்லது இன்னொரு வண்டி கடக்கும்வரை காத்திருந்து அதன் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது என்று பாருங்கள்.

சக்கரத்தின் நடு அச்சு வரை தண்ணீர் என்றால் சாதாரண ஃபோர் வீல் வண்டி கடக்கும். அதற்கு மேல் இருந்தால் உங்கள் வண்டியின் காற்று உறிஞ்சும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் இறங்காதீர்கள். சூடாக ஓடிவந்த வண்டியைப் பத்து நிமிஷம் ஆறவிடுங்கள். கொதிக்கும் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) குளிர்ந்த தண்ணீரில் முழுகினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். ஃபோர் வீலைப் போட்டு, லோ ரேஞ்சில் இரண்டாம் கியர், நடக்கிற வேகத்தில் இறங்கி, முன்னால் ஒரு சின்ன அலை எழும்படி ஒரே சீராக ஓட்டுங்கள். அந்த அலைக்குப் பின்னால் எஞ்சின் பகுதியில் தண்ணீர் தாழ்ந்து இருக்கும். நடு ஆற்றில் கியர் மாற்றாதீர்கள், ஆக்ஸிலேட்டரை விடாதீர்கள்.

நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் அதில் மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுத்து வெளியே எடுத்தபின் பரிசோதித்தால் வண்டி பிழைக்க வாய்ப்பு உண்டு. சாவியைத் திருப்பினால் எஞ்சின் போய்விடும். கரையேறியதும் பிரேக்கை மெதுவாக நாலைந்து முறை அழுத்திக் காயவிடுங்கள்.

முதலை

இரண்டு வகை. நன்னீர் முதலை மூக்கு ஒல்லியாக, நீளமாக இருக்கும். மீன் தின்னும், சீண்டினால்தான் கடிக்கும். உவர்நீர் முதலை அகன்ற வாயும் தடித்த கழுத்தும் கொண்டது. இலங்கையிலும் ஒடிசாவின் பிதர்கனிகாவிலும் இருக்கிற அதே இனம். மனிதனை இரையாகவே பார்க்கும். 'உவர்நீர்' என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, நல்ல தண்ணீரிலும் வரும். பென்டகோஸ்ட் ஆற்றில் நிச்சயம் உண்டு. அங்கே கால் நனைக்கக் கூடாது, கரையில் மீன் கழுவக் கூடாது, தண்ணீரிலிருந்து 50 மீட்டருக்குள் கூடாரம் போடக் கூடாது. தினமும் ஒரே இடத்தில் தண்ணீர் மொண்டால் அது கவனித்து வைத்துக்கொள்ளும். அறிவிப்புப் பலகை இல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்து ரோடுஹவுஸில் கேளுங்கள். அருவிக்கு மேலே உள்ள குளங்கள் பெரும்பாலும் பாதுகாப்பானவை. அங்கேயும் அந்த வாரத்து நிலையைக் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

வழியில் பார்க்க வேண்டியவை

டெர்பியிலிருந்து புறப்பட்டதுமே பருத்த வயிற்றோடு நிற்கும் போவாப் மரங்கள் வந்துவிடும். மன்னாரிலும் ராமநாதபுரம் கடற்கரையிலும் பெருக்கமரம், பொந்தன்புளி என்று சொல்கிறோமே, அதன் உறவுக்காரன். வறண்ட காலத்தில் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும்.

ஏறக்குறைய 120 கி.மீ. தாண்டி, ஃபேர்ஃபீல்டு–லியோபோல்ட் டவுன்ஸ் சாலையில் தெற்கே 21 கி.மீ. திரும்பினால் விண்ட்ஜானா பள்ளத்தாக்கு. 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இந்த இடம் கடலாக இருந்தபோது, பாசிகளும் இப்போது அழிந்துபோன கடற்பஞ்சு இனங்களும் கட்டிய திட்டு அது. அதை லென்னார்டு ஆறு அறுத்துக்கொண்டு போகிறது. இருபுறமும் சுவர் 100 மீட்டர் வரை. வெளிறிய சுண்ணாம்புச் சுவரை உற்றுப் பார்த்தால் சிப்பியும் சுருளும் பதிந்திருப்பது தெரியும். மணல் திட்டுகளில் நன்னீர் முதலைகள் பத்து இருபது வெயில் காயும். ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள், அவற்றுக்கும் தண்ணீருக்கும் இடையில் போய் நிற்காதீர்கள்.

அங்கிருந்து இன்னும் 35 கி.மீ. தெற்கே டனல் கிரீக். மலைக்கு அடியில் 750 மீட்டர் ஓடும் இருட்டுக் குகை, நடுவில் கூரை இடிந்து ஓர் இடத்தில் வெளிச்சம் விழும். முழங்கால் அளவு தண்ணீரில் நடக்க வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, நனைந்தாலும் வழுக்காத செருப்பு கட்டாயம். புனுபா இனத்துப் போராளி ஜண்டமர்ரா, தன் மக்களின் நிலத்துக்காகக் குடியேறிகளோடும் போலீஸோடும் 1894 முதல் போரிட்டபோது ஒளிந்த இடம் இது. 1897 ஏப்ரலில் இதன் அருகேதான் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். இருட்டில் நின்று கேட்கும்போது சொட்டும் தண்ணீரின் சத்தம்கூட வேறு மாதிரி இருக்கும்.

மறுபடி பெரிய சாலைக்கு வந்தால் வுனாமின்–மிலிவுண்டி மலைத்தொடர். லியோபோல்ட் மன்னர் பெயரிலிருந்து 2020-ல் இந்தப் பெயருக்கு மாற்றினார்கள், பழைய வரைபடத்தில் அந்தப் பெயரே இருக்கும். இங்கிருந்து கிளைப்பாதையில் 30 கி.மீ. போனால் பெல் கார்ஜ். கடைசியில் ஒரு கி.மீ. கல்பாதையில் நடந்தால், படிப்படியாக விழும் அருவியும் அடியில் பெரிய குளமும் வரும். ஒரே ஒரு பள்ளத்தாக்குக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். கால்வன்ஸ் கார்ஜ் சின்னது, சாலையிலிருந்து ஒரு கி.மீ. நடை, மதியச் சாப்பாட்டுக்கு நல்ல இடம்.

மவுண்ட் பார்னெட்டில் அனுமதிச் சீட்டு வாங்கி மேனிங் கார்ஜ் போகலாம். நடைபாதை தொடங்குமுன்பே ஆற்றைக் கடக்க வேண்டும், நீந்தியோ, கயிறு கட்டிய சிறு படகை இழுத்துக்கொண்டோ. கேமராவும் செருப்பும் நனையாமலிருக்க இறுக்கி மூடும் பை கொண்டுபோங்கள். அப்பால் நிழல் இல்லாத பாறைமேட்டில் ஒரு மணி நேர நடை. காலை ஏழுக்குத் தொடங்குங்கள்.

வடக்கே மிச்செல் அருவி, வுனம்பல் காம்பெரா மக்களின் பெயரில் புனமீ-ஊன்பூ, நான்கு அடுக்காக விழுவது. கிளைப்பாதையின் கடைசி 85 கி.மீ. பயணத்திலேயே மோசமான பகுதி. முகாமிலிருந்து அருவிக்குப் போய்வர 8.6 கி.மீ. நடை, நாலு முதல் ஆறு மணி நேரம். கீழ்க்குளங்களில் இறங்கக் கூடாது. முதலை உண்டு, அந்த மக்களுக்கு அது புனித இடமும்கூட. இதற்கு மட்டும் கூடுதலாக மூன்று நாள் வேண்டும். இல்லையென்றால் இந்தமுறை விட்டுவிடுங்கள்.

பென்டகோஸ்ட் தாண்டினால் எல் குவெஸ்ட்ரோ. ஸெபெடி வெந்நீரூற்று பனைமர நிழலில் இளஞ்சூட்டில் ஓடுகிறது, காலையில் மட்டும்தான் பொதுமக்களுக்கு. எம்மா கார்ஜ் 1.6 கி.மீ. கல் தாண்டிப் போகிற பாதை, முடிவில் 65 மீட்டர் உயர அருவி. வெயில் படாத குளம், தண்ணீர் சில்லென்று இருக்கும்.

அனுமதியும் மரியாதையும்

இந்த நிலத்தின் பெரும்பகுதி அதன் பூர்வகுடி மக்களுக்குச் சட்டப்படி உரியது. மிச்செல் பகுதிக்கு வுனம்பல் காம்பெரா மக்களின் ஊங்கூ அனுமதிச் சீட்டும், கலும்புரு போக அந்த ஊரின் அனுமதியும், எல் குவெஸ்ட்ரோவுக்கு அதன் சொந்தச் சீட்டும் தேவை. முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள், சாலையில் போன் எடுக்காது. வட்டக் கண்ணும் வாயில்லாத முகமுமாகப் பாறைகளில் தீட்டியிருக்கும் வஞ்சினா உருவங்கள் மழையைத் தருகிற, இன்றும் வணங்கப்படுகிற சக்திகள். கோவில் கருவறைக்கு முன் நடந்துகொள்வது போல நடந்துகொள்ளுங்கள். தொடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், படம் எடுக்க வேண்டாம் என்று சொன்ன இடத்தில் எடுக்காதீர்கள்.

வண்டி நின்றுவிட்டால்

செல்போனில் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் இணைப்பு இருந்தாலும் ஊர்களை விட்டு வெளியே வந்தால் எடுக்காது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியையோ சாட்டிலைட் போனையோ வாடகைக்கு எடுங்கள். யு.எச்.எஃப். ரேடியோவில் 40-வது சேனலில் லாரிக்காரர்கள் பேசுவார்கள். அவசர எண் 000. 1928-ல் தொடங்கிய ராயல் ஃபிளையிங் டாக்டர் என்ற மருத்துவச் சேவையின் விமானங்கள் பண்ணை ஓடுதளங்களில் இறங்கி நோயாளிகளை எடுத்துப் போகின்றன.

எது நடந்தாலும் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். மேலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டி தெரியும், ஆள் தெரியாது. தண்ணீரும் நிழலும் வண்டியில்தான் இருக்கிறது. வறண்ட காலத்தில் கிப் ரிவர் ரோட்டில் யாராவது வருவார்கள், நின்று கேட்பார்கள். நீங்களும் நிற்கும் வண்டியைப் பார்த்தால் நின்று கேளுங்கள்.

தார் வந்த பிறகு

கிழக்குமுனையில் தார் தொடங்கும் இடத்தில் மறுபடி 38 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். இறங்கிய காற்றோடு 110-ல் ஓடுவதால் வெடிக்கும் டயர்கள் கொஞ்சமல்ல. சக்கரத்தின் உள்வட்டத்தில் ஒட்டிய சேற்றையும் சுரண்டி எடுங்கள். அது இருந்தால் ஸ்டியரிங் ஆடும், பழுது என்று பயந்துபோவீர்கள்.

குனனுராவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 250 கி.மீ. நெடுஞ்சாலையில் போனால் பர்னுலுலு தேசியப் பூங்காவுக்குப் போகும் திருப்பம். 1983-ல் வானிலிருந்து எடுத்த படங்கள் வெளிவந்த பிறகுதான் வெளியுலகம் இதை அறிந்தது, 2003-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. திருப்பத்திலிருந்து 53 கி.மீ. மண்பாதை, ஓடைகள் பல, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. டயரை மறுபடி 28-க்கு இறக்குங்கள். பெரிய கேரவனுக்கு அனுமதி இல்லை, ஒற்றை அச்சு டிரெய்லர் மட்டும்.

தெற்குப் பக்கம் தேன்கூடு போன்ற குவிமாடங்கள், ஆரஞ்சும் கருஞ்சாம்பலுமாக வரிவரியாக. களிமண் கலந்த அடுக்குகள் ஈரம் பிடித்து வைப்பதால் அவற்றில் நுண்பாசி படர்ந்து கருக்கிறது. காய்ந்துபோகும் அடுக்குகளில் இரும்புத்துரு படிந்து சிவக்கிறது. இரண்டும் வெறும் தோல்தான். அதற்குக் கீழே கை பட்டால் உதிரும் வெண்மணற்பாறை, ஆகவே ஏறாதீர்கள், சாயாதீர்கள். கதீட்ரல் கார்ஜுக்குக் காலையில் போங்கள். வடக்குப் பக்கம் எக்கிட்னா பிளவுக்கு நண்பகல் பதினொன்றரை போல. இரு கையையும் விரித்தால் சுவரைத் தொடுகிற இடுக்கில் அந்த அரை மணி மட்டும் வெயில் இறங்கி, கல் முழுவதும் தணலாகும். பார்த்துவிட்டு உள்ளேயே இரவு தங்குங்கள். அன்றே வெளியேற வேண்டியிருந்தால் இரண்டு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். நெடுஞ்சாலையை எட்ட நாலு, நாலரை ஆகும். பக்கத்து ரோடுஹவுஸ் முகாமில் கூடாரம் அடிக்க அதற்கு மேல் அரை மணி வெளிச்சம்தான் இருக்கும்.